முதல் கச்சேரிப் பதிவு: மிருதங்கம் எப்படி இருக்கிறது, கேட்டுச் சொல்லுங்கள்

பாமணியாறு:
வணக்கம். நான் மன்னார்குடி. பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பது வயதுக்கு மேல்தான் மிருதங்கத்தைத் தொட்டேன். இந்த நவராத்திரியில் நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கோயிலில் முதல் தடவையாக ஒரு முழுக் கச்சேரிக்கு வாசித்தேன். பாடியவர் என் தோழி, சுருதி ஐந்தரைக் கட்டை. வயலின், இசைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். குறுவை அறுப்பு நேரம் என்பதால் கூட்டம் என்று சொல்ல முடியாது. சுண்டலுக்கு வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து கேட்டார்கள்.

மேடையில் என் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய்தேன். சுட்டி கொடுத்திருக்கிறேன். வரிசை இது: தொடக்கத்தில் வர்ணம். 6:30 ஹம்சத்வனி ராகம், ஆதி தாளம். 12:40 சஹானா, மிஸ்ரசாப்பு (மூன்றும் நாலுமாக ஏழு எண்ணும் தாளம்), நிதானமான பாட்டு. 20:15 கல்யாணி ஆலாபனை, 27:00 கீர்த்தனை, ஆதி தாளம், அரை இடத்து எடுப்பு (தாளம் தொடங்கி அரை எண்ணிக்கை தள்ளிப் பாட்டு ஆரம்பிக்கும்), நெரவல் (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடுவது), ஸ்வரம். 40:30 தனி, அதாவது மிருதங்கம் மட்டும். 45:00க்கு மேல் இரண்டு சின்னப் பாட்டு.

வாத்தியாரிடம் கேட்டால் "பரவாயில்லை, வாசிக்க வாசிக்க வரும்" என்பதோடு சரி. எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. சொற்கள், அதாவது விரல் அடிகள், தெளிவாக விழுகின்றனவா? பதிவில் தொப்பிச் சத்தமே (இடது பக்கத் தோலின் சத்தமே) இல்லையே, அது ஏன்? பாடகரை நான் அமுக்கிவிட்டேனா? கேட்கும்போதெல்லாம் மிருதங்கம்தான் முன்னால் நிற்கிறது. தயவு பார்க்காமல் சொல்லுங்கள்.

சுவாமிமலை:
வர்ணம் மட்டும் கேட்டேன் மேடம். அருமை. முதல் மேடை என்றே தெரியவில்லை. மீதியை ராத்திரி கேட்கிறேன்.

சங்கீதபித்தன்:
இப்போது இது ஒரு வழக்கமாகிவிட்டது. நாலு பாடம் முடிந்ததும் கச்சேரி, கச்சேரி முடிந்ததும் சுட்டி. பத்து வருடம் வாசித்துவிட்டு மேடை ஏறினால் யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டியிராது. போன் பதிவை வைத்து நாதத்தைப் பற்றிப் பேசுவதும் வீண்.

மேலவீதி:
பித்தரே, கிராமத்துக் கோயில் நவராத்திரியில் வாசிக்காமல் வேறு எங்கே வாசித்துப் பழகுவது? தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த மேடைகள் இருப்பதே அதற்குத்தான். பெரிய வித்வான்களும் ராமநவமிப் பந்தலில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான்.

அம்மா, நான் இரண்டு தடவை கேட்டேன். ஹெட்போனில் ஒரு தடவை, போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை. நீங்கள் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

சொல் தெளிவு நன்றாக இருக்கிறது. "நம்" சுத்தமாக விழுகிறது, மீட்டு, அதாவது விளிம்பு நாதம், நிற்கிறது. "தீ" மட்டும் சில இடத்தில் நடுவில் இருக்கும் கறுப்புக் கரணையை விட்டு விளிம்புக்கு நழுவுகிறது, குறிப்பாக 8:15 சுற்றி. சாப்பு உங்களுக்குப் பிடித்த சொல் என்று தெரிகிறது, இரண்டு ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரு தடவை வந்துவிடுகிறது. அதைக் கொஞ்சம் சேமித்து வையுங்கள்.

சஹானாவில்தான் எனக்குக் குறை. அந்தப் பாட்டு கேட்பதே இடைவெளியைத்தான். பாடகர் ஒரு சங்கதியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் நீங்கள் ஒரு ஃபரன் (வேகமான சொல் ஓட்டம்) போட்டு நிரப்புகிறீர்கள். 15:05 கேளுங்கள். அவர் "ரி"யில் கார்வை கொடுத்து நிற்கிறார், கீழே உங்கள் கை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு தொம், கொஞ்சம் கும்கி (தொப்பியைத் தேய்த்து எழுப்பும் நாதம்), அவ்வளவு போதும். கை சும்மா இருந்தால் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் எல்லா ஆரம்பக்காரருக்கும் இருக்கும். கேட்பவருக்கு அப்படித் தோன்றாது.

மைக்செட்:
அக்கா, நான் வலங்கைமான் பக்கம், ஒலிபெருக்கி வைத்திருக்கிறேன். கோயில், கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாம் போவேன். பாட்டு பற்றி எனக்குத் தெரியாது, சத்தம் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் போன் பேச்சுக்குப் பண்ணியது. அதில் இருக்கும் ரெக்கார்டர் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும். சத்தம் குறைந்தால் ஏற்றிவிடும், திடீரென்று பலமாக ஒன்று விழுந்தால் மொத்தத்தையும் இறக்கிவிடும். முழங்காலுக்குப் பக்கத்தில் போன், மிருதங்கம் ஒன்றரை அடி தூரத்தில். நீங்கள் ஒவ்வொரு தடவை தட்டும்போதும் பாடுகிறவர் குரல் உள்ளே போய்விட்டுத் திரும்ப வருகிறது. 28:40இல் நன்றாகத் தெரியும். ஆலாபனையில் கை ஓய்ந்திருக்கும்போது ஜெனரேட்டர் சத்தம், ஃபேன் சத்தம் எல்லாம் ஏறி வருவதும் அதனால்தான். ஆகவே அமுக்கியது நீங்கள் இல்லை, உங்கள் போன்.

தொப்பிச் சத்தம் காணோம் என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் எவ்வளவு தேடினாலும் வராது, அந்த அளவு கீழ்ச்சத்தத்தைத் தள்ள அதற்கு இடமில்லை. ஹெட்போனில் கேளுங்கள், முதல் அரை மணி நேரம் தொப்பி இருக்கிறது. அப்புறம் குறைகிறது, அது வேறு காரணமாக இருக்கலாம், பெரியவர் சொல்லட்டும். இன்னொன்று, பேச்சு தெளிவாகக் கேட்க நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று ஒன்று ஓடும். தம்பூரா மாதிரி ஒரே சீராக இருக்கும் சத்தத்தை அது இரைச்சல் என்று நினைத்து வெட்டும்.

நீங்கள் சுட்டியாகப் போட்டது நல்லது. வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பியிருந்தால் இன்னும் சுருக்கியிருக்கும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

பாமணியாறு:
மைக்செட் அண்ணா, மனதில் இருந்த ஒரு பாரம் இறங்கியது. ஒரு வாரமாகத் தோழியிடம் பேசவே கூச்சமாக இருந்தது.

மேலவீதி ஐயா, 15:05 கேட்டேன். நீங்கள் சொன்ன பிறகு அது மட்டும்தான் காதில் விழுகிறது.

நெரவல்:
நான் பாடுகிறவள், கும்பகோணம். பக்கவாத்தியக்காரர்கள் பேசும் இடத்தில் பாடகி நுழைவதற்கு மன்னிக்கவும். மைக்செட் அண்ணா சொன்னது அளவில் சரி, ஆனால் முழுப் பழியையும் போன் தலையில் போட்டுவிட முடியாது. 33:20இல் நெரவல் நடக்கிறது. உங்கள் தோழி வரியைக் கீழ்ஸ்தாயியில் மெதுவாக எடுக்கிறார். அங்கே கை குறைய வேண்டும், குறையவில்லை. அவர் இரண்டாவது தடவை அதே வரியைக் கொஞ்சம் பலமாகப் பாடுகிறார். அது சங்கதிக்காக இல்லை, தன் குரல் தனக்குக் கேட்பதற்காக. எனக்குப் பழக்கமான வேலை அது, நன்றாகத் தெரியும்.

வயலினுக்கும் அப்படித்தான். ஆலாபனைக்கு அப்புறம் அந்தப் பெண் ஸ்வரத்தில் பதில் வாசிக்கும்போது நீங்கள் பாடகருக்கு வாசித்த அதே பலத்தில் வாசிக்கிறீர்கள். வயலின் முறை வந்ததும் வலது கையை அடக்கி, தொப்பியை மெத்தென்று வைத்துக்கொண்டால் அந்தக் குழந்தைக்குத் தைரியம் வரும்.

நல்லதும் சொல்லிவிடுகிறேன். ஹம்சத்வனியில் சரணத்திலிருந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் கொடுத்த முத்தாய்ப்பு அழகு. அதைக் கேட்டு எனக்கே பாட வேண்டும் போல இருந்தது.

சங்கீதபித்தன்:
எல்லோரும் பூசி மெழுகுகிறீர்கள். கச்சேரி முழுக்க ஓடுகிறது, வேகம் ஏறிக்கொண்டே போகிறது. கல்யாணி ஆரம்பித்த காலப்பிரமாணம் எங்கே, முடிந்த காலப்பிரமாணம் எங்கே? அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பாமணியாறு:
ஐயா, ஸ்வரத்தில் கொஞ்சம் வேகம் ஏறியது எனக்கும் தெரிந்தது. ஆனால் ஏற்றியது பாடியவர். அவர் போகும்போது நான் பின்னால் இழுத்தால் மேடையிலேயே சண்டை மாதிரி ஆகிவிடாதா?

கடைமுகம்:
மயிலாடுதுறைக்காரன், சென்னையில் மென்பொருள் வேலை, கஞ்சிரா கற்கிறேன். வாய்ச்சண்டை வேண்டாமே என்று கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து அளந்தேன். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் எத்தனை விநாடி என்று சமத்திலிருந்து சமம் வரை (தாளம் தொடங்கும் தட்டிலிருந்து அடுத்த தொடக்கம் வரை) பார்த்தால் போதும்.

கல்யாணி கீர்த்தனை தொடங்கும்போது 6.4 விநாடி. எட்டு அட்சரம், ஆக அட்சரத்துக்கு 0.8 விநாடி, நிமிடத்துக்கு 75. நெரவல் முடியும்போது 6.1. ஸ்வரம் முடியும்போது 5.6, அதாவது நிமிடத்துக்கு 86 பக்கம். இது வரைக்கும் யார் ஓட்டினார்கள் என்று பதிவை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தனியில் பாடகரும் இல்லை, வயலினும் இல்லை. 5.6இல் தொடங்கிய தனி, மோராவுக்கு, அதாவது முடிவுக்கு, வரும்போது 5.2. நிமிடத்துக்கு 92. அங்கே மேடையில் வாசித்துக்கொண்டிருந்தது ஒரே ஒருவர்.

போன் எந்த மூலையில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பித்தர் சொன்ன மாதிரி போன் பதிவில் நாதத்தை எடைபோட வேண்டாம்தான். காலத்தை எடைபோடலாம், அதில் அது பொய் சொல்லாது.

மேலவீதி:
சபாஷ் தம்பி. இதைத்தான் நான் காதால் கேட்டு "கொஞ்சம் துரிதம்" என்று சொல்லியிருப்பேன், அந்த அம்மா "கொஞ்சம்தானே" என்று விட்டிருப்பார்.

பக்கவாத்தியம் பாடகரோடு போக வேண்டுமா, பிடித்து நிறுத்த வேண்டுமா என்ற கேள்விக்கு என் கட்சி இது: மிருதங்கம் கரை. பாட்டு தண்ணீர். தண்ணீர் துள்ளலாம், கரை கூடவே போகக்கூடாது.

நெரவல்:
மேலவீதி சார், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேடையில் பாடகி ஏற்றினால் அது சில சமயம் தெரிந்தே செய்வது. அப்போது மிருதங்கம் காலைப் பிடித்து இழுத்தால் என் ஸ்வரக் கணக்கே குலையும். போக வேண்டும். போய்விட்டு, அடுத்த அருதியில் (பாட்டின் ஒரு பகுதி முடியும் இடத்தில்) சமாதானமாக உட்கார வைக்க வேண்டும். பிடித்து நிறுத்துவது வேறு, உட்கார வைப்பது வேறு.

மேலவீதி:
தெரிந்தே ஏற்றுகிறவர் எத்தனை பேர் அம்மா? நூற்றுக்குத் தொண்ணூறு தடவை தாரஸ்தாயிக்கு (மேல் ஸ்தாயிக்கு) போகும் உற்சாகத்தில் ஏறுவதுதான்.

நெரவல்:
அந்தப் பத்து தடவை எது என்று மேடையில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? முகத்தைப் பார்த்தால் தெரியும். பாமணியாறு பார்த்தாரா என்பதுதான் கேள்வி.

கமலாலயம்:
நான் திருவாரூர், தவில். எங்கள் தொழிலில் மிருதங்கப் பேச்சில் தலையிடுவது வழக்கம் இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் மேளத்தில் தாளம் போடுவதற்கென்றே தனியாக ஓர் ஆள் உண்டு. ஜால்ராவைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க சாமி பின்னாலேயே நடப்பார். நாகஸ்வரக்காரர் எங்கே போனாலும், தவில் இரண்டும் எப்படி மோதினாலும், அந்தச் சத்தம் தெருவில் கேட்டுக்கொண்டே இருக்கும். மல்லாரியைத் திரிகாலம் (மூன்று வேகத்தில்) செய்யும்போது அந்த ஆள் அசையவில்லை என்றால்தான் நாங்கள் தப்பிப்போம். உங்களுக்கு அந்த ஆள் இல்லை. பாடகர் தொடையில் தட்டும் கைதான் உங்கள் ஜால்ரா. அது காதில் விழாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். மிருதங்கக்காரர் பாடகரின் வலது பக்கம் உட்காருவது எதற்கு? அந்தக் கை தெரிவதற்குத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

யாராவது வீடியோ எடுத்திருந்தால் போடுங்கள்.

பாமணியாறு:
அத்தை பையன் எடுத்தது ஒன்று இருக்கிறது, ஸ்வரக் கடைசியிலிருந்து தனி தொடக்கம் வரை மூன்று நிமிடம். போட்டிருக்கிறேன்.

கமலாலயம்:
பார்த்தேன். மூன்று நிமிடமும் தலை குனிந்தே இருக்கிறது. கண் வலந்தலையை (வலது பக்கத் தோலை) விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஒரு தடவை நிமிர்ந்தீர்கள், அதுவும் போன் பதிவாகிறதா என்று பார்க்க. விரல் எங்கே விழ வேண்டும் என்று விரலுக்குத் தெரியும். கண்ணை அங்கிருந்து எடுத்து அந்தக் கையில் வையுங்கள், பாதி ஓட்டம் அன்றைக்கே நிற்கும்.

உங்கள் தோழி கையும் பார்த்தேன். ஸ்வரத்தில் வீச்சு முடிந்து தட்டுக்கு வரும்போது அவர் கொஞ்சம் அவசரப்படுகிறார். ஆக இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. தனியில் அவர் கை ஒழுங்காகத்தான் போகிறது, ஆனால் உங்கள் வாசிப்பைத் துரத்திக்கொண்டு போகிறது.

மேலவீதி:
ஒரு கணக்கு விஷயம். ஹம்சத்வனியில் 9:52, அனுபல்லவி முடியும் அருதி. "ததிங்கிணதொம்" மூன்று தடவை. நல்ல எளிமையான முடிப்பு, தீர்மானம். ஆனால் சமத்துக்கு ஒரு மாத்திரை முன்னாலேயே முடிந்துவிட்டது, மிச்ச இடத்தை ஒரு தொம் போட்டு அடைத்திருக்கிறீர்கள். பலருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தவர் தலையை ஆட்டாமல் நிறுத்தியிருப்பார்.

ஆதியில் அட்சரத்துக்கு நாலு மாத்திரை, மொத்தம் 32. லகு (முதல் நாலு அட்சரம்) முடிந்து முதல் த்ருதம் (அடுத்த இரண்டு) தொடங்கும்போது 16 போய்விட்டது, கையில் 16 இருக்கிறது. ததிங்கிணதொம் ஐந்து, மூன்று தடவைக்கு 15. நீங்கள் த்ருதத்தின் தட்டிலேயே எடுத்துவிட்டீர்கள். ஒரு மாத்திரை விட்டு எடுத்திருந்தால் சமத்தில் உட்கார்ந்திருக்கும்.

பாமணியாறு:
கணக்கு டீச்சருக்கே பாடமா, ஐயா! பேப்பரில் எழுதும்போது அந்த ஒரு மாத்திரை கார்வையை எழுதித்தான் வைத்திருக்கிறேன். கையில் வரும்போது அது காணாமல் போகிறது.

மேலவீதி:
பேப்பரில் எழுதாதீர்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வாயால் சொல்லுங்கள். விடும் மாத்திரையையும் "ம்" என்று சொல்லுங்கள், அதுவும் ஒரு சொல்தான். "ம் ததிங்கிணதொம் ததிங்கிணதொம் ததிங்கிணதொம்", அப்புறம் சமம். நாக்கில் உட்காராதது கையில் உட்காராது.

அது பழகியதும் கல்யாணிக்கு மாற்றிப் பாருங்கள். அங்கே எடுப்பு அரை இடம், சமத்துக்கு இரண்டு மாத்திரை தள்ளி. அதே பதினைந்தை எடுப்பில் முடிக்க வேண்டுமானால் அதே த்ருதத்திலிருந்து மூன்று மாத்திரை விட வேண்டும். பதிவில் நீங்கள் தனியைச் சமத்தில் முடித்துவிட்டீர்கள். உங்கள் தோழி அரை இடம் காத்திருந்து சமர்த்தாக எடுத்துக்கொண்டார். தப்பு என்று சொல்ல மாட்டேன். எடுப்பில் முடித்திருந்தால் சுண்டலுக்கு வந்தவர்கூடக் கைதட்டியிருப்பார்.

மைக்செட்:
பெரியவரே, தொப்பி அரை மணி நேரத்துக்கு அப்புறம் ஏன் குறைகிறது என்று கேட்டிருந்தேன்.

மேலவீதி:
மறந்தே போனேன் தம்பி. வீடியோவில் அந்த அம்மாவுக்கு இடது பக்கம் ஒரு பெடஸ்டல் ஃபேன் நிற்கிறது பார்த்தீர்களா, காற்று நேராகத் தொப்பியில் அடிக்கிறது. அதில் அப்பிய ரவை மாவு காய்ந்துவிட்டது. ரவை ஈரமாகவும் கனமாகவும் இருந்தால்தான் தொம் ஆழமாகப் பேசும். காய்ந்தால் "டப்" என்று மரப்பலகை மாதிரி ஆகிவிடும். ஆலாபனை நடக்கும்போது உங்களுக்கு வேலை இல்லை, அப்போது விரலைத் தண்ணீரில் தொட்டு ரவை மேல் தடவிக்கொள்ள வேண்டும். ரொம்பத் தடவினால் கழன்று மடியில் விழும், அதுவும் நடக்கும்.

வலந்தலை நேர்மாறு. ஐப்பசி ஈரத்தில் தோல் தளரும், சுருதி இறங்கும். சஹானாவுக்கு அப்புறம் உங்கள் மீட்டு தம்பூராவை விடக் கொஞ்சம் கீழே நிற்கிறது. கல்லும் புள்ளும் (சுருதி சேர்க்கத் தட்டும் மரக்கட்டையும்) மேடையில் வைத்திருந்தீர்களா? பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் விளிம்புப் பின்னலை மேலிருந்து ஒரு தட்டு தட்டினால் ஏறிவிடும். ஏறிப் போனால் கீழிருந்து தட்டி இறக்கலாம். மேடையில் சுருதி சேர்க்கக் கூச்சப்படாதீர்கள். பாடகரே பாட்டுக்குப் பாட்டு தம்பூராவைச் சரி பார்க்கிறார், நமக்கு என்ன?

பாமணியாறு:
கல் பையிலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. எல்லோரும் என்னையே பார்ப்பார்கள் என்று.

என் மிருதங்கம் ஐந்து கட்டைக்கு வாங்கியது ஐயா. ஐந்தரைக்கு இழுத்துத்தான் சேர்க்கிறேன். அது ஒரு காரணமா?

மேலவீதி:
அரைக் கட்டை இழுப்பது பரவாயில்லை, தாங்கும். ஆனால் இழுத்து நிறுத்தியது சீக்கிரம் இறங்கும். அதே தோழியோடு தொடர்ந்து வாசிப்பதாக இருந்தால் அடுத்த தடவை மூட்டு (வலது பக்கத் தோல்) மாற்றும்போது ஐந்தரைக்கே போடச் சொல்லுங்கள்.

சங்கீதபித்தன்:
எல்லோரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓட்டத்துக்கு மருந்து சொன்னது யார்?

கமலாலயம்:
நான் சொன்னேனே, கண்.

சங்கீதபித்தன்:
கண் மேடைக்கு. நான் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் தனி வாசிக்க வேண்டாம். மோரா, கோர்வை, ஃபரன் எதுவும் வேண்டாம். வெறும் சர்வலகு, அதாவது அடிப்படை நடை. மெட்ரோனோமை (ஒரே சீராகத் தட்டும் கருவியை) 60இல் வைத்து, நல்ல வித்வான் பாடிய ஒரு ஆதி தாளப் பாட்டு நேரத்துக்கு, நிறுத்தாமல், ஒரே நடை. அலுத்துப் போகும். அலுக்கும்போதுதான் கை ஓடும், அந்த நிமிடத்தைத்தான் நீங்கள் பிடிக்க வேண்டும். பிறகு மெட்ரோனோமில் நாலு ஆவர்த்தனம் சத்தம் வருவது, நாலு ஆவர்த்தனம் வராமல் இருப்பது என்று வைத்து வாசியுங்கள். சத்தம் திரும்ப வரும்போது நீங்கள் அங்கே இருக்கிறீர்களா என்று தெரிந்துவிடும். அந்த வசதி உள்ள ஆப்கள் இருக்கின்றன.

நெரவல்:
பித்தர் ஐயா, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே. எவ்வளவு நல்ல யோசனை!

சங்கீதபித்தன்:
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கடைமுகம்:
அவர் கேட்டார் ஐயா. அதற்குத்தான் இந்த இழையே.

மைக்செட்:
அடுத்த பதிவுக்குச் சில யோசனைகள். போனைத் தரையில் வைக்காதீர்கள், மேடைப் பலகை அதிர்ச்சி எல்லாம் உள்ளே போகிறது. மேடைக்கு முன்னால் ஆறேழு அடி தள்ளி, உட்கார்ந்தவர் நெஞ்சு உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டில், பாடகருக்கும் உங்களுக்கும் நடுவில் வாகாக வையுங்கள். ஸ்பீக்கர் பெட்டி பக்கமும் வேண்டாம், ஃபேன் பக்கமும் வேண்டாம். ஏரோப்பிளேன் மோடு போடுங்கள், 37 நிமிடத்தில் யாரோ கூப்பிட்டு போன் அதிர்ந்தது கேட்கிறது. ஆட்டோ கெயினை (அந்தத் தானாக ஏற்றி இறக்குவதை) நிறுத்த வழி இருக்கும் ஒரு ரெக்கார்டர் ஆப் போட்டு, சுருக்காத வேவ் கோப்பாகப் பதியுங்கள்.

மிக்ஸரிலிருந்து நேராக எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எடுக்கலாம், ஆனால் மைக்கில் போனது மட்டும்தான் அதில் வரும். சின்ன மண்டபத்தில் மிருதங்கம் தானாகவே கேட்கும் என்று நாங்கள் அந்த மைக்கைக் குறைத்து வைத்திருப்போம். அதைக் கேட்டுவிட்டு மிருதங்கக்காரர் எங்களைத் திட்டுவார். இரண்டையும் பார்த்தாகிவிட்டது.

மேலவீதி:
மைக்கே வேண்டாம் என்று சொன்னவரும் நம்மிடையே இருந்தார். பாலக்காடு மணி ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் வந்து கற்றவர், ஒரு கட்டத்தில் மைக் வைத்தால் வாசிக்க மாட்டேன் என்றே இருந்தார். 1966இல் சங்கீத கலாநிதி வாங்கியவர், அவர் சொன்னால் கேட்டார்கள். நாம் சொன்னால் சுண்டலும் கிடைக்காது. ஆனால் வீட்டில் மைக் இல்லாமல் இரண்டு பேரும் உட்கார்ந்து பாடி வாசித்துப் பாருங்கள், நெரவல் அம்மா சொன்ன அந்த அளவு தானாக வரும். அவர் குரல் உங்கள் காதில் விழவில்லை என்றால் கை அதிகம். இதற்கு வேறு அளவுகோல் தேவையே இல்லை.

பாமணியாறு:
எல்லோருக்கும் நன்றி. தீபாவளி விடுமுறையில் தோழி வீட்டில் மைக் இல்லாமல் உட்கார்ந்தோம். அதே ஹம்சத்வனி மட்டும். பித்தர் ஐயா சொன்னபடி சர்வலகு தவிர வேறு எதுவும் இல்லை, அருதிக்கு அந்தத் தீர்மானம் மட்டும். போன் ஜன்னலோரம் ஸ்டூல் மேல். புதுச் சுட்டி இது. நடுவில் குக்கர் விசில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைமுகம்:
அளந்தாயிற்று. பல்லவி 6.4. அனுபல்லவி தொடங்கியதும் 6.2, தாரஸ்தாயி சங்கதிகளில் 6.0. சரணத்தில் திரும்ப 6.3. தீர்மானம் சமத்தில் சரியாக விழுகிறது, இரண்டு தடவையும்.

நெரவல்:
அனுபல்லவியில் ஏறுவது உங்கள் தோழி. இந்தத் தடவை நன்றாகவே தெரிகிறது. சரணத்தில் கீழே கொண்டுவந்து உட்கார வைத்தது நீங்கள். நான் கேட்டது இதைத்தான்.

மேலவீதி:
நான் கேட்டது அனுபல்லவியிலேயே நிற்பது. இருக்கட்டும்.

அம்மா, அடுத்து சஹானாவையும் இதே மாதிரி வாசித்துப் போடுங்கள். மிஸ்ரசாப்பில் ஓட்டம் வேறு தினுசு. அங்கே முழுத் தாளமும் வேகமாகாது, மூன்று சரியாக இருக்கும், நாலு மட்டும் சுருங்கி மூன்றரை பக்கம் வரும். கடைமுகம் தம்பி, அந்த இரண்டையும் தனித்தனியாக அளக்க முடியுமா?

கடைமுகம்:
முடியும் ஐயா. தட்டு விழும் இடம் தெளிவாகக் கேட்டால் போதும். தோழியைத் தொடையில் கொஞ்சம் பலமாகத் தட்டச் சொல்லுங்கள்.